உயிரினத்தின் பெயர்: வீட்டுக்காரன்

சென்னை
18.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

எழிலரசன். நான் நலம். நீ, மச்சான், இளமதி மூவரும் நலமாக இருப்பதாக வைத்துக்கொள்கிறேன்.

கடிதத்தைப் பார்த்துப் பயப்படாதே. உன் போனுக்கு எப்போது அடித்தாலும் மச்சான் எடுத்து, “எத்தனை கன்னு வேணும்? லாரியா, குட்டியானையா?” என்கிறார். நான்தான் என்றால், “அட மாப்ளயா, லைன்ல பார்ட்டி இருக்கு, அப்புறம் அடிங்க” என்று வைத்துவிடுகிறார். நர்சரி போர்டில் உன் நம்பரை எழுதிய நாளோடு உனக்கு போன் இல்லாமல் போயிற்று. ஆகவே ஹாஸ்டலில் இருந்தபோது எழுதியது மாதிரி எழுதுகிறேன்.

வேலை கிடைத்துவிட்டது. வெளிநாட்டிலிருந்தோ வெளிமாநிலத்திலிருந்தோ வந்து நம் மண்ணில் கட்டுக்கடங்காமல் பெருகும் பூச்சி, செடி, மீன், நத்தை எல்லாவற்றையும் பற்றித் தகவல் வாங்கித் தடுக்கும் பிரிவு. மாநிலத்துக்கே ஒரே அலுவலகம். பூச்சியியல் படித்தவன் என்று எடுத்திருக்கிறார்கள். தகவல் சொல்ல ஆப் இருக்கிறது, ஒருத்தரும் தொடுவதில்லை. அதனால் ஊராட்சி அலுவலகம், ரேஷன் கடை எங்கும் மஞ்சள் அட்டை வைத்திருக்கிறார்கள். ஸ்டாம்பு வேண்டாம், எழுதித் தபால்பெட்டியில் போட்டால் போதும். வருகிற அட்டைகளை சத்யா என்பவர் கணினியில் ஏற்றுவார். நான் திரையில் படித்து முடிவு சொல்வேன். சரி என்றால் ஊருக்கு ஆள் போகும். இல்லை என்றால் மூடிவிடுவேன். அட்டைக்கு ஒரு நிமிடம். அதற்குமேல் கொடுத்தால் மலைபோல் சேர்ந்துவிடும்.

இளமதிக்கு முத்தம். மச்சானுக்கு வணக்கம்.

உன் தம்பி,
எழிலரசன்

*

மேலக்கொல்லை, கறம்பக்குடி வழி
5.9.2024

அன்புத் தம்பி எழிலுக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் சுகம். இளமதிக்கு மட்டும் லேசாகச் சளி. நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? மெஸ் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா?

உன் கடிதத்தை மச்சான்தான் பிரித்தார். எந்தத் தபால் வந்தாலும் அவர்தான் பிரிப்பார், உனக்குத் தெரியும். சத்தமாக வாசித்துவிட்டு, “பாத்தியா, நம்ம மாப்ள கவருமெண்டு ஆளாயிட்டாரு” என்று கன்று எடுக்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். நர்சரி நன்றாக ஓடுகிறது. கஜா புயலில் தென்னையெல்லாம் சாய்ந்து கிடந்தபோது கடனாகக் கன்று கொடுத்த அடைக்கலம் என்ற பேர் இன்னும் இருக்கிறது. ஆடியில் வெளிமாநிலத்திலிருந்து இரண்டு லாரி எலுமிச்சையும் பப்பாளியும் மண்ணோடு வந்து இறங்கின. அதைப் பிரித்து அடுக்கவே எனக்கு நேரம் சரியாக இருக்கிறது.

எதிர்வீட்டு ராமு அண்ணன் ஒரு சந்தேகம் கேட்கச் சொன்னார். அந்த மஞ்சள் அட்டையில் பேரும் ஊரும் எழுதியே ஆகவேண்டுமா? எங்கள் பக்கத்து அட்டையை நீதான் பார்ப்பாயா, வேறு ஆட்களா? ஒரு நர்சரியில் அப்படி ஏதாவது இருந்தால் என்ன செய்வீர்கள்? சும்மாதான் கேட்டார்.

உடம்பைப் பார்த்துக்கொள். தலைக்கு எண்ணெய் வை.

அக்கா

*

சென்னை
14.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இளமதியின் சளிக்கு டாக்டரிடம் போ, கஷாயத்தை ஊற்றிக்கொண்டிருக்காதே.

ராமு அண்ணனுக்குப் பதில். பேர் கட்டாயமில்லை. ஊரைச் சுமாராக எழுதினாலும் போதும். புதுக்கோட்டை மாவட்ட அட்டைகள் என் திரைக்குத்தான் வரும். நர்சரி என்றால் மறுநாளே விற்பனை நிறுத்தம். கேட்டில் நோட்டீஸ் ஒட்டுவோம். ஊருக்கே தெரியும், தெரியத்தான் வேண்டும். ஒரு நர்சரி என்பது நூறு தோட்டத்துக்கு வாசல். தெரிந்தே மறைத்தவனுக்கு இரக்கம் காட்டக்கூடாது என்பது என் கட்சி. கூட இருந்து பார்த்துக்கொண்டு வாயை மூடியிருந்தவர்களுக்கும் அதேதான்.

அண்ணனிடம் இதை அப்படியே சொல்.

எழிலரசன்

*

மேலக்கொல்லை
27.10.2024

அன்புத் தம்பி எழிலுக்கு,

இங்கு சுகம். நீ சுகமாக இருக்கவேண்டும்.

மழை பிடித்துக்கொண்டது. நான்கு நாளாக விட்டு விட்டுப் பெய்கிறது. இளமதிக்குக் காதுகுத்து வைப்பதென்று பேசியிருக்கிறோம், தை மாதக் கடைசி ஞாயிறு. பதினொரு வருஷம் காத்திருந்து பெற்ற பிள்ளை, ஊரைக் கூட்டித்தான் செய்யவேண்டும் என்கிறார் மச்சான். தாய்மாமன் மடி இல்லாமல் காதுகுத்து இல்லை. இப்போதே லீவு சொல்லி வை.

மழையைப் பார்த்தால் கீரனூர் வாடகை வீடுதான் நினைப்பு வருகிறது. மழை விட்ட காலையில் சுவரில் ஊர்ந்து ஏறுவதைக் காட்டி அம்மா ஒன்று சொல்லும். நினைவிருக்கிறதா? நீகூடக் கைதட்டிக் கத்துவாய்.

ராமு அண்ணன் அட்டையைப் போட்டுவிட்டார் போலிருக்கிறது. தம்பி, எங்கள் பக்கத்து அட்டையை அவசரப்படாமல் படி. ஒரு நிமிடம் போதாது.

அக்கா

*

சென்னை
16.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். காதுகுத்துக்குக் கட்டாயம் வருவேன்.

ராமு அண்ணன் அட்டை எதுவும் வரவில்லை. வந்த ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன், சிரி. கறம்பக்குடி பக்கம், பேர் இல்லை. ‘உயிரினத்தின் பெயர்’ என்று கேட்ட கட்டத்தில், “வீட்டுக்காரன்” என்று எழுதியிருக்கிறது ஒரு அம்மா! கீழே விவரம்: “மழை விட்டதும் சுவரெல்லாம் ஏறுகிறான். கண்டதையும் தின்று தீர்க்கிறான். வெளியே சொல்லவும் முடியவில்லை, வீட்டில் வைத்திருக்கவும் முடியவில்லை. சீக்கிரம் வந்து பாருங்கள்.” எத்தனை என்ற கட்டத்தில், “எண்ணி மாளாது.” எத்தனை வீட்டுக்காரனோ அந்த அம்மாவுக்கு! சத்யா வாசிக்க வாசிக்க ஆபீஸே உருண்டது. “சார், இவரைப் பிடிக்க ஆள் அனுப்பலாமா?” என்று கேட்டார். புருஷன் குடித்துவிட்டுச் சுவர் ஏறினால் அது போலீஸ் ஸ்டேஷன் விவகாரம். ‘உயிரினம் அல்ல’ என்று போட்டு மூடினேன். நாற்பது விநாடி.

இப்படித்தான் இருக்கிறது நம் மக்களின் அறிவு. ஆப் இருந்தால் இந்தக் கூத்தெல்லாம் வராது.

அம்மா என்ன சொல்லும் என்று கேட்டிருந்தாய். எனக்கு எதுவும் ஞாபகம் இல்லை.

எழிலரசன்

*

மேலக்கொல்லை
8.1.2025

அன்புத் தம்பிக்கு,

சுகம். உன் கடிதம் வந்து ஏழு வாரம் ஆயிற்று. பதில் எழுதப் பேனாவை எடுப்பேன், வேலை வந்துவிடும்.

அதை மச்சான் சத்தமாக வாசித்துச் சிரித்தார். வேலைக்கு வந்த பெண்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிப்ரவரி ஒன்பது, ஞாயிறு. மண்டபம் சொல்லியாகிவிட்டது. உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும். விருந்துக்கு வருகிற ஒவ்வொரு வீட்டுக்கும் தாம்பூலப் பையோடு ஒரு எலுமிச்சங்கன்று கொடுக்கப்போவதாக மச்சான் சொல்கிறார். முந்நூற்று நாற்பது கன்று, மண் பையோடு. எனக்கு அதில் இஷ்டமில்லை. சில்வர் டப்பா கொடுக்கலாம் என்றேன். “நர்சரிக்காரன் வீட்டு விசேஷத்துல டப்பா குடுத்தா ஊரு சிரிக்கும்டி” என்றார். தாய்மாமன் சொன்னால் சபையில் அதற்கு மதிப்பு உண்டு. கன்று வேண்டாம் என்று நீ ஒரு வார்த்தை எழுது. அவர்தானே பிரித்து வாசிப்பார்.

முடிந்தால் நான்கு நாள் முன்னாலேயே வா. நர்சரியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கலாம். மழை ஈரம் இன்னும் காயவில்லை.

அக்கா

*

சென்னை
17.1.2025

அன்புள்ள அக்காவுக்கு, மச்சானுக்கும்,

நலம். பொங்கல் வாழ்த்து.

கன்று கொடுப்பது நல்ல காரியம். டப்பாவைவிட ஆயிரம் மடங்கு மேல். ஏன் தடுக்கிறாய் என்று புரியவில்லை. என் கையாலேயே கொடுக்கிறேன், மச்சான் மனம் குளிரட்டும். நான்கு நாள் லீவெல்லாம் நடக்காது, அட்டைகள் தலைக்குமேல் கிடக்கின்றன. சனி ராத்திரி பஸ், ஞாயிறு காலை மண்டபம், மாலை பஸ்.

நர்சரியை அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம். எங்கே ஓடிவிடப் போகிறது?

எழிலரசன்

*

சென்னை
23.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக வந்து சேர்ந்தேன். இளமதியின் காது ஆறிவிட்டதா? ஆசாரி ஊசியை எடுத்ததும் என் கட்டைவிரலைக் கடித்துவிட்டாள், தழும்பு இருக்கிறது. பெருமையாகத்தான் இருக்கிறது.

முந்நூற்று நாற்பது கன்றையும் கொடுத்து முடித்தபோது கை வலித்தது. “மாமன் கை ராசி, காய்ச்சுத் தள்ளப் போவுது பாருங்க” என்று மச்சான் ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

நீ மட்டும் ஏன் அப்படி இருந்தாய்? விசேஷ வீட்டுக்காரி மாதிரியே இல்லை. கன்று அடுக்கியிருந்த பக்கம் என்னைக் கூப்பிட்டாய், ஒரு பையைக் கிழித்து மண்ணைக் கிளறினாய், ஏதோ சொல்ல வந்தாய். மச்சான், “பஸ்ஸுக்கு நேரமாச்சு மாப்ள” என்று வந்ததும் நிறுத்திவிட்டாய். என்ன அது? எழுது.

எழிலரசன்

*

சென்னை
19.11.2025

அக்கா,

என் பிப்ரவரிக் கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. போனில் இரண்டு நிமிடம், பக்கத்தில் மச்சான், “நல்லாருக்கேன்” என்பதோடு முடிந்துவிடுகிறது. இதற்காவது பதில் வேண்டும்.

இந்த மழையில் உன் பக்கத்திலிருந்து பதினேழு அட்டை வந்திருக்கிறது. எல்லாம் ஆப்பிரிக்க ராட்சத நத்தை. கைப்பிடி அளவு. ஒரே முறையில் மண்ணுக்குள் நூறு, இருநூறு முட்டை இடும். நாற்று, பப்பாளி, வாழை எதையும் விடாது. மஞ்சளாக, மிளகைவிடக் கொஞ்சம் பெரிய முட்டை. கன்றுப் பை மண்ணில் இருந்தால் கண்ணுக்கே தெரியாது. வெறுங்கையால் தொட்டால் நோய் வரலாம்.

ஆவுடையார்கோவில் பக்கத்திலிருந்து செல்வராணி என்பவர் எழுதிய அட்டையை அப்படியே தருகிறேன்: “காதுகுத்துக்குப் போன இடத்தில் தாய்மாமன் கையால் வாங்கிவந்த எலுமிச்சங்கன்று. நட்ட குழியிலிருந்து நத்தை நத்தையாக வருகிறது. அரை ஏக்கர் கத்தரி நாற்று போச்சு. ராசியான கை என்றார்கள்.”

படித்ததும் பதினேழு ஊரையும் வரைபடத்தில் குறித்தேன். நீங்கள் பத்திரிகை வைத்த ஊர்கள். நடுவில் உன் வீடு.

நீ அந்த நர்சரியில் தினமும் நிற்பவள். கன்றைத் தூக்குகிறாய், மண் கலக்குகிறாய். உன் கண்ணில் படாமல் இருந்திருக்காது. பிளஸ் டூ வரை படித்தவள்தானே நீ? தம்பி எந்த வேலையில் இருக்கிறான் என்று தெரியும்தானே? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாவட்டம் தப்பித்திருக்கும். ஏன் சொல்லவில்லை?

எழிலரசன்

*

மேலக்கொல்லை
27.11.2025

தம்பிக்கு,

இளமதி சுகம். நானும் சுகம்தான்.

இந்தக் கடிதத்தையும் மச்சான்தான் பிரித்தார். இந்த முறை சத்தமாக வாசிக்கவில்லை. மடித்து என் கையில் கொடுத்துவிட்டு மோட்டார் ரூமுக்குப் போய்விட்டார். இனி ஒளிக்க ஒன்றுமில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருக்கிறாய். சொன்னேன்.

வீட்டுக்காரன் என்று அட்டையில் எழுதியது நான்.

கீரனூரில் நாம் இருந்தது மூன்றாவது வாடகை வீடு. மழை விட்ட காலையில் நத்தை சுவரில் ஏறினால் அம்மா உன்னை இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டு காட்டும். “நமக்குத்தான்டா வாடகை வீடு. இந்தா போறான் பாரு வீட்டுக்காரன்! சொந்த வீட்ட முதுகுலயே வச்சிருக்கான். அவன யாரு காலி பண்ணச் சொல்ல முடியும்?” என்று. நீ அதற்குப் பிறகு நத்தை என்றே சொன்னதில்லை. “வீட்டுக்காரன் வாரான், வீட்டுக்காரன் வாரான்” என்று தெருவே கேட்கக் கத்துவாய். அம்மா போனபோது உனக்கு நாலரை வயது. காரியம் நடந்த அன்றைக்குக்கூட மழை. வாசலில் ஒன்று ஊர்ந்தது. அதைப் பார்த்துக் கத்தினாய். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

ஆடி லோடில் வந்தது அது. ஆவணியிலேயே ஒன்றிரண்டு கண்ணில் பட்டது, ஐப்பசி மழையில் கூட்டமாக வெளியே வந்தது. மச்சானிடம் சொன்னேன். “நான் பொறுக்கிக் கொன்டுர்றேன். வெளிய மூச்சு விட்ராத, இருவது வருசப் பேரு” என்றார். தினமும் காலையில் வாளி வாளியாகப் பொறுக்கி உப்பில் போட்டார். முட்டை இருப்பது அவருக்குத் தெரியாது. அவர் கெட்டவர் இல்லை எழிலு, பயந்துவிட்டார்.

உன்னிடம் சொல்லலாம் என்றால் நீ எழுதும் பதிலை அவர்தான் பிரிப்பார். கேட்டில் நோட்டீஸ், கூட இருந்தவர்களுக்கும் இரக்கமில்லை என்று வேறு எழுதியிருந்தாய். பேரும் ஊரும் போடப் பயம். அந்த ஒரு வார்த்தையைப் போட்டால் உலகத்தில் என் தம்பி ஒருத்தனுக்குத்தான் விளங்கும், விளங்கினதும் யாருக்கும் தெரியாமல் வந்து நிற்பான் என்று நினைத்தேன்.

நீ மறந்திருப்பாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அது என் தப்பு.

அக்கா

*

சென்னை
3.12.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இதுவரை எழுதிய கடிதங்களில் முதல் வரியில் என் நலத்தை மட்டும் எழுதியிருக்கிறேன், உன் நலத்தைக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். எப்படி இருக்கிறாய்?

பழைய அட்டைகளைக் கட்டிப்போட்டிருக்கும் அறைக்குப் போனேன். சத்யாவும் வந்து தேடினார். ஒன்றேகால் மணி நேரம். உன் அட்டை கிடைத்தது. சத்யா ஓர் எழுத்துக்கூட விடாமல் சரியாகத்தான் ஏற்றியிருந்தார். ஆனால் கணினியில் ஏறாத ஒன்று அட்டையின் ஓரத்தில் இருந்தது. பேனாவால் ஒரு நத்தை வரைந்திருக்கிறாய். கூட்டில் குட்டியாக ஒரு கதவு வேறு, தாழ்ப்பாளோடு. அவர் பார்த்திருக்கிறார், யாரோ பிள்ளை கிறுக்கியது என்று நினைத்தாராம். அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்திருந்தால் ஒரு பார்வை போதும். நான் வாங்கவில்லை.

அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். அம்மா குரல் வருமா என்று. வரவில்லை. இடுப்பில் இருந்தது மட்டும் லேசாக, சேலையின் ஈர வாசனை. அதுவும் நீ எழுதியதால் வருகிறதா என்று தெரியவில்லை.

உன் அட்டையைத் திறந்துவிட்டேன். ‘தகவல் வந்த நாள் 4.11.2024. தவறாக மூடியவர் எழிலரசன்’ என்று எழுதினேன். “பேரெல்லாம் எதுக்குப்பா, பிழைன்னு போட்டா போதாதா?” என்றார் மேலதிகாரி அறிவுச்செல்வன். போதாது என்றேன். பரவிய விதம் என்ற கட்டத்தில், காதுகுத்து விழாவில் தாய்மாமன் கையால் என்று எழுதி அதற்கும் கையெழுத்துப் போட்டேன். விசாரணை வரும். வரட்டும்.

பதின்மூன்றாம் தேதி குழு வருகிறது. நான் ஒரு நாள் முன்னால் வருகிறேன். நோட்டீஸ் ஒட்டுவதற்கு முன் மச்சானை நேரில் பார்க்கவேண்டும். திரும்ப எத்தனை மணிக்குப் பஸ் என்று கேட்காதீர்கள், இந்த முறை திரும்பும் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுக்கவில்லை. பத்திரிகை வைத்த ஊர்ப் பட்டியல் உன் கையெழுத்தில் இருக்குமே, அதை எடுத்து வை. முந்நூற்று நாற்பது வீட்டுக்கும் போகவேண்டும். செல்வராணி வீட்டுக்கு முதலில்.

ஒன்று கேட்கவேண்டும். முதல் தகவல் என்று உன் அட்டை கோப்பில் போகும். கையெழுத்தைப் பார்த்தால் ஊரில் தெரிந்துவிடும். வேண்டாம் என்றால் எடுத்துவிடுகிறேன். நீ சொல்கிறபடி.

உன் தம்பி,
எழிலு

*

மேலக்கொல்லை
8.12.2025

அன்புத் தம்பி எழிலுக்கு,

எப்படி இருக்கிறேன் என்று கேட்டிருக்கிறாய். தூங்கி ஓராண்டு ஆயிற்று. இரண்டு நாளாகத் தூங்குகிறேன்.

உன் கடிதத்தைத் தபால்காரர் கொண்டுவந்தபோது மச்சான் வாசலில்தான் நின்றார். வாங்கிப் பிரிக்காமல் என்னிடம் நீட்டினார். “ஒனக்குத்தான்” என்றார். இன்னும் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. பேசுவாரா என்றும் தெரியாது. ஆனால் நேற்றுக் காலையில் கேட்டில் ஓர் அட்டை தொங்குகிறது. ‘கன்று விர்ப்பனை இல்லை.’ அவர் கையெழுத்துதான். ஆட்கள் வந்து ஏன் என்று கேட்கிறார்கள். “நத்தை” என்கிறார். சத்தமாகத்தான் சொல்கிறார்.

ஊர்ப் பட்டியலை எடுத்து வைத்துவிட்டேன். கையுறை வாங்கி வா, சின்ன அளவிலும் ஒன்று. இளமதி நானும் வருவேன் என்கிறது. வாளியை மட்டும் தூக்கட்டும்.

கோப்பிலிருந்து என் அட்டையை எடுக்காதே. பேர் என்ற கட்டம் காலியாக இருக்கும், அதில் கீழே உள்ளதை எழுதிக்கொள். உயிரினத்தின் பெயரை மட்டும் மாற்றிவிடாதே. அது அம்மா வைத்த பேர்.

அ. பிரகதீஸ்வரி
அடைக்கலம் நர்சரி
மேலக்கொல்லை